வலமிருந்து இடமாக: பார்வையற்ற குழந்தைகளுக்குத் தமிழ்ப் பிரெயில் எழுதக் கற்பித்தல்

பிரெயில் பலகையில் எழுதும் குழந்தை வலமிருந்து இடமாக எழுதுகிறது. கீல் போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே தடித்த தாளைச் செருகி, மேல்தகட்டில் வெட்டியிருக்கும் கட்டங்களின் வழியே எழுத்தாணியால் குத்தினால், தாளின் மறுபக்கத்தில் புள்ளி புடைத்து நிற்கும். படிப்பதற்குத் தாளை எடுத்துப் புரட்ட வேண்டும். புரட்டினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். ஆகவே வரியை வலக்கோடியில் தொடங்குவது மட்டும் போதாது. ஒவ்வோர் எழுத்தின் புள்ளிகளையும் இடவலம் மாற்றியே குத்த வேண்டும். விரலால் படிக்கும் எழுத்துக்கு ஒரு வடிவம், கையால் எழுதும் எழுத்துக்கு அதன் கண்ணாடிப் பிம்பம் என்று இரண்டையும் ஐந்து வயதுக் குழந்தை மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பார்வையுள்ள குழந்தைக்கு அரிச்சுவடி வகுப்பில் இப்படியொரு சுமை கிடையாது.

பிரெயிலின் அடிப்படை அலகு ஒரு கட்டம். அதில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. படிக்கும் பக்கத்தில் இடப்பத்தியில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பத்தியில் 4, 5, 6. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர். விரல்நுனி ஒரே தொடுகையில் முழுக் கட்டத்தையும் உணரும்படி அமைந்த அளவு இது. 1809-இல் பிரான்சில் பிறந்த லூயி பிரெயில் பதினைந்து வயதில் இந்த முறையை வடிவமைத்தார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னோடியான சார்ல் பார்பியேவின் முறையில் கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள். அது விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பாதியாகக் குறைத்ததுதான் பிரெயில் செய்த பெரிய காரியம். ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான மொழிகளுக்கு அவ்வளவு போதும்.

தமிழுக்கு அந்த 63-இல் பாதிக்குச் சற்று மேல்தான் தேவை. எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்பது முடிவாகத்தான் நாளாயிற்று. பார்வையற்றோருக்கான முதல் இந்தியப் பள்ளி 1887-இல் அமிர்தசரசிலும், தமிழ்நாட்டின் புகழ்பெற்ற பாளையங்கோட்டைப் பள்ளி 1890-இலும் தொடங்கின. அப்போது நாடெங்கும் ஒன்றோடொன்று பொருந்தாத பிரெயில் முறைகள் பல வழங்கின. யுனெஸ்கோ முன்னின்று நடத்திய கலந்தாய்வுகளையொட்டி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. வரிவடிவம் எதுவானாலும் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்றே என்பது அதன் விதி. தமிழின் 'க' 1-3. தெலுங்கின் 'க'வும் 1-3. 'ம' இரண்டிலும் 1-3-4.

திருத்தணி போன்ற ஊரில் இந்த விதிக்குத் தனி மதிப்பு உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைச் சீரமைப்பில் சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் அது. இன்றும் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் உண்டு. பார்வையுள்ள பிள்ளை இரண்டு மொழியும் படிக்க இரண்டு எழுத்துமுறைகளைக் கற்க வேண்டும். பிரெயில் கற்கும் பிள்ளைக்கு ஒன்று போதும். தமிழில் 'அம்மா' என்று எழுத ஐந்து கட்டங்கள்: அ, மெய்ப்புள்ளி, ம, ம, ஆ. தெலுங்கில் அந்தச் சொல் குறிலில் முடிவதால் கடைசிக் கட்டம் மட்டும் இல்லை. மற்ற நான்கும் அப்படியே. தெலுங்கில் கூடுதலாக உள்ள மூச்சொலிகளுக்கும் அதிர்வொலிகளுக்கும் வேறு கட்டங்கள் இருக்கின்றன. தமிழில் 'முருகா' என்பதன் 'க' 1-3 என்றே எழுதப்படும். தெலுங்கில் அங்கே ஒலிக்கும் அதிர்வொலிக்கு 1-2-4-5. வேறுபாடு இவ்வளவே.

அச்சுத் தமிழைவிடப் பிரெயில் தமிழ் எளிமையானது என்று துணிந்து சொல்லலாம். 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி வடிவம் இல்லை. அகர உயிர்மெய்க்கு ஒரு கட்டம்; அதை அடுத்து வேறோர் உயிரின் கட்டத்தை எழுதினால் மற்ற உயிர்மெய்கள் ஆகிவிடும். 'கொ' என்று அச்சில் எழுத ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டு, கால்வாங்கியைப் பின்னால் போட வேண்டும். பிரெயிலில் 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. மெய்யெழுத்து மட்டும் விதிவிலக்கு: அச்சில் எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வருகிறது. அதன் வடிவம் ஒரே ஒரு புள்ளி, 4. 'திருத்தணி' அச்சில் ஐந்து எழுத்து. பிரெயிலில் த, இ, ர, உ, மெய்ப்புள்ளி, த, த, ண, இ என ஒன்பது கட்டங்கள். எழுத்துகளைக் கற்கும் சுமை குறைந்து, எழுதும் நீளம் கூடுகிறது. சிறு கைக்கு அது பெரிய விலை.

எண்களுக்கும் தனி வடிவம் இல்லை. 3-4-5-6 என்ற எண்குறியைப் போட்டுவிட்டு, ஆங்கில அகரவரிசையின் முதல் பத்து எழுத்துகளின் வடிவங்களை எழுதினால் அவை எண்களாகும். அந்த எண்குறி தமிழின் 'ண'வும்கூட. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை எழுத, எண்குறிக்குப் பின் 1-4, 1-2-4, 1-5 என்று குத்த வேண்டும். இவற்றில் 1-4 தமிழில் 'ச', 1-5 'ஏ'. எது எழுத்து, எது எண் என்பது முன்னால் நிற்பதைப் பொறுத்தது. குழந்தைகள் இதை எளிதாகவே பிடித்துக்கொள்கின்றன. இடவலம் மாறுவதுதான் அவர்களை வருத்துகிறது.

பிம்ப எழுத்துகள்

ஆங்கிலப் பிரெயில் கற்பிப்போர் 'e', 'i' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் குழம்புவதைப் பற்றி அதிகம் பேசுவார்கள். 1-5, 2-4 என்ற அவற்றின் வடிவங்கள் ஒன்றின் பிம்பம் மற்றொன்று. தமிழில் அவை 'ஏ'யும் 'இ'யும். ஆனால் தமிழில் சிக்கல் அதோடு நிற்கவில்லை. கட்டங்களை வரிசையாக இடவலம் மாற்றிப் பார்த்தால் ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கிறது. 'ல' 1-2-3, அதன் பிம்பம் 4-5-6, அது 'ள'. 'ழ' 1-2-3-5-6, பிம்பம் 'ட'. 'வ'வின் பிம்பம் 'ண'. 'த'வின் பிம்பம் 'ஊ'. 'உ'வின் பிம்பம் 'ங'. 'ஓ'வின் பிம்பம் 'ஔ'. 'ஈ'யின் பிம்பம் 'எ'. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் எழுத்தான 'அ' 1-ஆம் புள்ளி. அதைத் திருப்பினால் 4-ஆம் புள்ளி, அதாவது மெய்ப்புள்ளி.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. பிம்பம் வேறோர் எழுத்தாக இல்லாவிட்டால், தவறாகக் குத்தியதைப் படிக்கும்போது 'இப்படி ஓர் எழுத்தே இல்லையே' என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். தமிழில் பல எழுத்துகளுக்கு அந்தக் காவல் இல்லை. தவறும் ஒரு நல்ல எழுத்தாகவே வந்து நிற்கிறது. வரியை வலமிருந்து சரியாகத் தொடங்கி, கட்டத்துக்குள் மட்டும் இடவலம் மாற்ற மறந்த குழந்தை 'திருத்தணி' என்று எழுதினால், புரட்டிப் படிப்பவர் கையில் ஊ, ஏ, தமிழில் இல்லாத ஒரு வடிவம், ங, அ, ஊ, ஊ, வ, ஏ என்று தட்டுப்படும். குழந்தைக்குச் சொல் தெரியும், எழுத்துக்கூட்டும் தெரியும். திசை ஒன்றுதான் தவறியது. ஆசிரியர் கவனிக்காவிட்டால், 'இந்தப் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

அனுபவமுள்ள ஆசிரியர்கள் இடம், வலம் என்ற சொற்களையே தவிர்த்துவிடுகிறார்கள். கை நகரும் திசையில் முதலில் வரும் பத்தி, அடுத்து வரும் பத்தி என்று சொல்லிக்கொடுத்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். படிக்கும்போது கை இடமிருந்து போகிறது, முதலில் தட்டுப்படுவது 1, 2, 3. எழுதும்போது கை வலமிருந்து வருகிறது, அப்போதும் முதலில் எதிர்ப்படுவது 1, 2, 3. எழுத்தைக் கண்ணால் பார்க்கும் படமாக எண்ணுவோருக்குத்தான் பிம்பம் என்ற பிரச்சினையே எழுகிறது. கையின் அசைவாக எண்ணினால் வரிசை ஒன்றே. பிரெயில் பழகிய பெரியவர்கள் யாரும் மனத்தில் எழுத்தைத் திருப்பிப் பார்த்து எழுதுவதில்லை. ஆனால் அந்த நிலைக்கு வந்துசேர ஆயிரக்கணக்கான முறை குத்த வேண்டும். குத்தியது சரியா என்று ஒவ்வொரு முறையும் தெரியவும் வேண்டும்.

தாமதமாகத் தெரியும் தவறு

பலகையின் உண்மையான குறை அங்கேதான் இருக்கிறது. சிலேட்டில் 'அ' எழுதும் பிள்ளை, கோடு வளையும்போதே அது கோணலாவதைப் பார்க்கிறது. பிரெயில் பலகையில் எழுதும் பிள்ளை வரி முடிந்து, பூட்டைத் திறந்து, தாளை உருவி, புரட்டி, வரியைத் தேடித் தடவிய பிறகுதான் தன் எழுத்தைச் சந்திக்கிறது. அதற்குள் எந்தக் குத்து எந்த நினைப்பில் விழுந்தது என்பது மறந்துபோயிருக்கும். திருத்த வேண்டுமானால் தாளை அதே இடத்தில் மீண்டும் பொருத்த வேண்டும். சிறு குழந்தைக்கு அது முடியாத வேலை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்து முடிப்பதற்குள் பாடவேளை போய்விடும். பார்வையற்றோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் பலர் தாங்களும் பார்வையற்றவர்கள். பிள்ளை குத்திக்கொண்டிருக்கும்போது அருகில் நின்று கவனிக்க அவர்களால் இயலாது, காகிதம் வெளியே வந்தால்தான் உண்டு.

காகிதமும் ஒரு செலவு. சாதாரண நோட்டுத் தாளில் குத்தினால் கிழியும், கிழியாவிட்டால் புள்ளி அமுங்கும். தடித்த தாள் வேண்டும். ஆண்டு முடிந்ததும் பழைய மாதக் காலண்டர்களைப் பார்வையற்ற மாணவர்களுக்குக் கொடுக்கும்படி வேண்டுகோள்கள் வருவது இதனால்தான். தடித்த தாளைக் குத்த வலு வேண்டும். ஐந்து வயது மணிக்கட்டுக்கு ஒரு வரி முடிவதற்குள் வலிக்கத் தொடங்கிவிடும்.

எனவே எழுத்தாணிக்கு முன்னால் ஒரு தயாரிப்புக் காலம் தேவைப்படுகிறது. ஆறு குழிகள் உள்ள மரப்பலகையில் முளைகளைச் செருகுதல், மணி கோத்தல், களிமண் பிசைதல், வரியைத் தொடர்ந்து விரலை நகர்த்துதல் ஆகியவை அதில் அடங்கும். இதைச் செய்யாமல் நேரே பலகையைக் கையில் கொடுப்பது, பல பிள்ளைகள் பிரெயிலை வெறுப்பதற்குக் காரணமாகிறது.

தட்டச்சு வகைப் பொறிகள் பிம்பச் சிக்கலை அடியோடு நீக்கிவிட்டன. அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளியில் டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951-இல் உற்பத்திக்கு வந்த பெர்கின்ஸ் பிரெய்லரில் ஒன்பது விசைகள்: ஆறு புள்ளிகளுக்கு ஆறு, இடைவெளி, பின்செலவு, வரிமாற்றம். ஓர் எழுத்தின் புள்ளிகளை எல்லா விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்தலாம். புள்ளிகள் மேல்பக்கமே புடைப்பதால், எழுதிய மறுகணம் விரலை வைத்துப் படித்துப் பார்க்கலாம். அந்தப் பொறி திருத்தணிக்கு அவ்வளவு தூரத்துப் பொருளும் அல்ல. அரக்கோணம் வழியே ரயிலில் போனால் வரும் காட்பாடியில், தொழுநோயிலிருந்து மீண்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை தரும் வொர்த் டிரஸ்ட் நிறுவனம் பெர்கின்ஸ் பிரெய்லர்களைத் தயாரித்து வந்திருக்கிறது. என்றாலும் ஏறக்குறைய ஐந்து கிலோ எடையும் பல்லாயிரம் ரூபாய் விலையுமுள்ள பொறியைப் பிள்ளைக்கு ஒன்றாக வாங்கும் பள்ளிகள் குறைவு. விசையை அழுத்தவும் சிறு விரல்கள் திணறும். மவுண்ட்பேட்டன் போன்ற மின்சாரப் பிரெய்லர்கள் அந்தத் திணறலைத் தீர்த்தன, விலையைத் தீர்க்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு போகச் சில நூறு ரூபாய்ப் பலகையே இந்தியப் பிள்ளைக்கு வாய்த்தது. ஆகவே பலகையை விட்டுவிடாமல், பலகையின் தாமதத்தை மட்டும் நீக்கும் கருவிதான் இங்கே தேவையாக இருந்தது.

பெங்களூரில் தொடங்கிய சோதனை

அப்படி ஒரு கருவி 2006-இல் பெங்களூரில் சோதிக்கப்பட்டது. எலகங்காவில் உள்ள மாத்ரு பார்வையற்றோர் பள்ளியின் தேவையை மையமாக வைத்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெக்பிரிட்ஜ்வேர்ல்ட் குழு அதை உருவாக்கியது. குழுவை நிறுவியவர் இலங்கையில் பிறந்த எந்திரனியல் ஆய்வாளர் பெர்னார்டின் டயஸ்; நிதி கால்ரா, டாம் லோவர்ஸ் முதலியோர் கருவியின் முதல் வடிவத்தில் பங்காற்றினார்கள். விலை குறைவாக இருக்க வேண்டும், பழகிய பலகையையும் எழுத்தாணியையும் போலவே இருக்க வேண்டும், குத்திய உடனே பேச வேண்டும் என்பவை அவர்கள் எடுத்துக்கொண்ட நிபந்தனைகள்.

கருவி செய்யும் வேலை எளிமையானது. பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளின் இடத்தில் உலோகத் தொடுமுனைகள். உலோக எழுத்தாணி ஒரு முனையைத் தொட்டவுடன் மின்சுற்று முழுமையடைந்து, எந்தக் கட்டத்தில் எந்தப் புள்ளி என்ற செய்தி கணினிக்குப் போகிறது. கணினி உடனே புள்ளியின் எண்ணைச் சொல்கிறது. எழுத்து முடிந்ததும் எழுத்தைச் சொல்கிறது. தவறென்றால் எது விடுபட்டது, எது கூடுதல் என்று சொல்கிறது. எழுத்தாணி பிடிக்கத் தெரியாத தொடக்கநிலைக் குழந்தைக்காக, பெரிய கட்டம் போல ஆறு பொத்தான்களும் உண்டு. தாள் இல்லை, புரட்டுதல் இல்லை, கை வலி இல்லை. பல நிமிடங்கள் கழித்துத் தெரிந்துவந்த தவறு, குத்திய நொடியிலேயே காதில் விழுகிறது.

களத்தில் கற்ற பாடங்கள் கருவியின் மின்சுற்றைவிட முக்கியமானவை. அந்நிய உச்சரிப்பில் பேசும் கணினிக் குரல் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. பள்ளியில் பழகிய ஆசிரியரின் குரலைப் பதிவுசெய்து பயன்படுத்துவதே பொருத்தம் என்பது அங்கே தெளிந்தது. பாடமாக மட்டும் இருந்தால் ஆர்வம் விரைவில் வடிந்துவிடும் என்பதால் விளையாட்டுகள் சேர்ந்தன: சொல்லை எழுத்தெழுத்தாக ஊகித்தல், ஒரு விலங்கின் ஒலியைக் கேட்டு அதன் பெயரை எழுதுதல். பின்னர் வந்த பதிப்பு, பிள்ளையின் விடைகளைக் கொண்டு அடுத்த பயிற்சியின் கடினத்தை மாற்றிக்கொள்ளக் கற்றது. கணினி இல்லாத பள்ளிகளும் மின்வெட்டு உள்ள ஊர்களும் நினைவில் இருந்ததால், கணினியோடு இணைக்கத் தேவையில்லாத தனிக் கருவியாகவும் அது வளர்ந்தது. தான்சானியா, ஜாம்பியா, கத்தார், வங்கதேசம் ஆகிய நாடுகளிலும் அது சோதிக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இதே தேவையை ஒரு வணிகப் பொருளாக்கியது பெங்களூரின் திங்கர்பெல் லேப்ஸ். கோவாவின் பிட்ஸ் பிலானி வளாகத்தில் படித்த இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம் இது. ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனை நினைவூட்டும் 'ஆனி' என்பது அவர்களுடைய கருவியின் பெயர். எழுத்தாணியால் எழுத மின்னணுப் பலகை, தட்டச்சு செய்ய ஆறு விசைகள், படிக்கப் புள்ளிகள் தாமாகவே எழுந்து அமிழும் கட்டங்கள் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் எதை எழுதியது, எங்கே திணறியது என்ற பதிவு இணையம் வழியே ஆசிரியருக்குக் கிடைக்கிறது. ராஞ்சியில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் இதைக் கொண்டு வகுப்பறை ஒன்று அமைந்தது. அமெரிக்காவின் பழம்பெரும் நிறுவனமான அமெரிக்கன் பிரிண்டிங் ஹவுஸ் இதே கருவியை 'பாலி' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியப் பள்ளியின் தேவையிலிருந்து பிறந்த பொருள் அமெரிக்க வகுப்பறைக்குப் போவது இந்தத் துறையில் அரிது.

தமிழ் பேசும் கருவி

ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பயிற்றுக் கருவியின் குரலைத் தமிழாக்கிவிட்டால் தமிழ்க் கருவி ஆகிவிடாது. முதல் காரணம், மேலே கண்ட பிம்ப இணைகள். 'ல' கேட்டதற்குப் பிள்ளை 'ள' குத்தினால், அது எழுத்து தெரியாத தவறா, திசை தவறியதா? ஒரே ஒரு விடையை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதே பிள்ளை 'வ' கேட்டால் 'ண'வும், 'அ' கேட்டால் மெய்ப்புள்ளியும் குத்துகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். எல்லாம் ஒரே போக்கில் திரும்பியிருந்தால் எழுத்துப்பாடம் தேவையில்லை, கையின் திசையைத்தான் சரிசெய்ய வேண்டும். 'ல', 'ள' மட்டும் மாறியிருந்தால் அது ஒலிப்பாடம். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது மென்பொருளுக்கு மிக எளிய கணக்கு. ஆனால் தமிழின் இணைகளை முன்கூட்டியே தெரிந்து எழுதப்பட்ட மென்பொருளாக அது இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஒலி. 'ந'வும் 'ன'வும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'ர', 'ற' வேறுபாடு வடதமிழகப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 'ழ' பலர் வாயில் 'ள'வாகிறது. கருவி 'ன' என்று சொல்லி எழுதச் சொன்னால் எந்த 'ன' என்று குழந்தை எப்படி அறியும்? பார்வையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறை ஒரு வழி வைத்திருக்கிறது: இரண்டுசுழி ன, மூன்றுசுழி ண, சின்ன ர, பெரிய ற. இவை அனைத்தும் அச்செழுத்தின் தோற்றத்தை வைத்த பெயர்கள். சுழியையே தொட்டறியாத பிள்ளைக்கு இவற்றால் பயனில்லை. றன்னகரம், தந்நகரம், டண்ணகரம் என்ற இலக்கணப் பெயர்கள் இங்கே கைகொடுக்கும். எந்த வல்லினத்தோடு சேர்ந்து வரும் என்பதே பெயராக இருப்பதால் அவற்றுக்குக் கண் தேவையில்லை. அல்லது புள்ளி எண்களையே பெயராக்கலாம்: ஐந்து-ஆறு 'ன', ஒன்று-மூன்று-நான்கு-ஐந்து 'ந'. எழுத்தைத் தனியாகச் சொல்லாமல் 'நாய்' என்ற சொல்லில் வரும் முதல் எழுத்து, 'மான்' என்ற சொல்லில் வரும் கடைசி எழுத்து என்று சொல்வதும் நல்ல வழி.

பேசும் கைபேசி வந்த பிறகு பிரெயில் எதற்கு என்ற கேள்விக்கும் இதே இடத்தில் விடை இருக்கிறது. பாடத்தைக் காதால் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு 'அரம்', 'அறம்' இரண்டும் ஒரே சொல். 'கலை', 'களை', 'கழை' மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று. எழுத்துக்கூட்டை விரலால் தொட்டுத்தான் கற்க முடியும், கையால் எழுதித்தான் அது நிலைக்கும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளும் உரிமை பார்வையற்ற மாணவர்களுக்கு உண்டு. தேவையான உரிமைதான்; ஆனால் தேர்வில் எப்படியும் வேறொருவர் எழுதப்போகிறார் என்ற நினைப்பு தொடக்க வகுப்புகளிலேயே பிரெயில் எழுத்தைத் தளரவிட்டுவிடுகிறது. பல பள்ளிகளில் படிக்கும் பிரெயிலைவிட எழுதும் பிரெயில் மெலிந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

கருவியால் ஆகாதவையும் உண்டு. மின்னணுப் பலகையில் எழுத்தாணியை வைத்தாலே போதும், குத்த வேண்டியதில்லை. அதில் மட்டும் பழகிய பிள்ளையின் புள்ளிகள் தாளில் சரியாகப் புடைக்காது. ஆகவே ஒரு பாடத்தைக் கருவியில் கற்று, அதே பாடத்தைத் தாளில் எழுதிப் புரட்டிப் படிக்க வைக்க வேண்டும். காதில் விழும் குரலையே நம்பி விரலை மறக்கும் ஆபத்தும் இருக்கிறது. குரலை நிறுத்திவிட்டுப் பிள்ளையையே தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்வது ஆசிரியரின் வேலை. ஒரே அறையில் ஐந்தாறு கருவிகள் ஒன்றாகப் பேசினால் வகுப்பு சந்தையாகிவிடும். காதொலிப்பான் மாட்டினால் ஆசிரியருக்குப் பிள்ளையின் தவறு கேட்காது. பார்வையற்ற ஆசிரியருக்கு இந்த இரண்டாவது இழப்பு பெரியது. அறையின் மறுகோடியில் ஒரு பிள்ளை திணறுவதைக் காதால் அறிந்துகொள்வதே இந்தக் கருவிகளால் அவருக்குக் கிடைத்த முதல் நன்மை.

திருத்தணி போன்ற ஊர்களில்

திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாட்டு நிறுவனத்தின் வட்டார மையமும் இருக்கின்றன. பிரெயில் கற்பிக்கும் ஆசிரியரும் நூல்களும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். ஆனால் அது விடுதிப் படிப்பு. ஐந்து வயதுப் பிள்ளையை விடுதியில் விட மனமில்லாத பெற்றோர் நிறைய. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது. அருகமைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், பிரெயில் தெரியாத வகுப்பாசிரியரிடம் பிள்ளை உட்காரும். பிரெயில் தெரிந்தவர் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். ஒன்றியத்தின் பள்ளிகளுக்கும் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் முறைவைத்துப் போய்வருபவர். அவருடைய பொறுப்பில் உள்ள பிள்ளைகளில் பார்வையற்றவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கு வேறு குறைபாடுகள், வேறு தேவைகள்.

விடுதிப் பள்ளியில் பேசும் பலகை ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் ஒரு வசதி. அருகமைப் பள்ளியில் நிலைமை வேறு. சிறப்பாசிரியர் வராத நாள்களில் அந்தப் பிள்ளையின் எழுத்தைச் சரியென்றோ தவறென்றோ சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு எவரும் இல்லை. உடனடி மறுமொழியின் மதிப்பு அங்கேதான் பன்மடங்காகிறது. ஆனால் கருவிகள் வழக்கமாக முதலில் போய்ச் சேர்வது, எண்ணிக்கையில் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கே. விநியோகத்துக்கு அது வசதி, புகைப்படத்துக்கும் வசதி. 1981 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் பிரெயில் பலகையும் எழுத்தாணியும் தனிப்பட்ட பிள்ளையின் பெயருக்கே கிடைக்கின்றன. பேசும் பலகையையும் அந்த வழியில் கொண்டுசென்றால் ஒற்றைப் பிள்ளை உள்ள ஊர்ப்பள்ளிக்கும் அது போய்ச் சேரும்.

அப்படிச் சேர்ந்தால் கருவியில் பதிவாகும் விவரத்தைக் கேட்பதே சிறப்பாசிரியரின் முதல் வேலையாகும். அடுத்த முறை வரும்போது, இடைப்பட்ட நாள்களில் பிள்ளை எத்தனை முறை எழுதியது, எந்த எழுத்தில் திரும்பத் திரும்பத் தவறியது, அது திசைத் தவறா ஒலித் தவறா என்பதை அவர் கேட்டறிந்துகொண்டு, கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் அந்த எழுத்துகளுக்கே செலவிடலாம். வகுப்பாசிரியருக்குப் பிரெயில் தெரிய வேண்டியதில்லை. நாள்தோறும் கருவியை எடுத்துக் கொடுத்து, மின்கலத்தை ஏற்றி, பாட எண்ணைச் சொன்னால் போதும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையானால், எழுத்துகள் அதே புள்ளிகளில் இருப்பதால், பதிவுசெய்த குரலை மட்டும் மாற்றி முதல் சில மாதங்கள் தாய்மொழிச் சொற்களிலேயே தொடங்கலாம். அம்ம, மாம, பாலு, நீரு என்று தெலுங்கில் எழுதப் பழகிய கை, 'பால்' என்று தமிழில் எழுதும்போது புதிதாகக் கற்க வேண்டியது, கடைசி எழுத்துக்கு முன்னால் 4-ஆம் புள்ளியை வைப்பதும், அதன் பின்னால் வந்த உகரத்தை விடுவதும் மட்டுமே.